தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கேப்டன்

அவரை எல்லோரும் 'கேப்டன்' என்று அழைத்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அவர்தான் எல்லோரையும் அப்படி அழைக்க வைத்தார். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்தது. சட்டையின் தோளில் தங்க நிறப் பட்டை தைத்திருந்தார். மே மாத வெயிலிலும் கழுத்துவரை ஜிப் இழுத்த கறுப்பு ஜாக்கெட், அதன் தோளிலும் அதே பட்டை. கடற்கரைச் சாலையில் அவர் நடந்து வந்தால் வெளியூர்க்காரர்கள் இவர் ஏதோ விமானம் ஓட்டுகிறவர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் ஓட்டியது சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ட்ரோன். அதையும் கல்யாண வீடுகளுக்கு மட்டும்.

அவர் என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதையால் இல்லை, வாய்ப் பழக்கம். மூன்று வருடத்துக்கு மேல் அவரிடம் வேலை பார்த்தேன். முல்லா வீதியில் எங்கள் அத்தாவின் துணிக்கடைக்கு மேலே இருந்த சின்ன அறையில் கம்ப்யூட்டர் வைத்து, அவர் எடுத்து வந்ததை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, கல்யாண வீடியோவாக்கிக் கொடுப்பது என் வேலை. வெளியே படப்பிடிப்பு என்றால் பேட்டரிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போக வேண்டும்.

ஓடுகிற படகிலிருந்து ட்ரோன் ஏற்றி இறக்கத் தெரிந்தவர் புதுச்சேரியிலேயே அவர் ஒருவர்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. பரப்பியவர் அவரே. தரையிலிருந்து ஏற்றுவது யாருக்கும் வரும். படகில் தளம் ஆடிக்கொண்டே இருக்கும், ஆடுகிற இடத்திலிருந்து அந்த இயந்திரம் கிளம்ப மறுக்கும். அதனால் ஒருவர் அதைத் தலைக்கு மேலே கையில் ஏந்தி அசையாமல் நிற்க வேண்டும், இன்னொருவர் ரிமோட்டை இயக்க வேண்டும். இறக்கும்போது படகோடு சேர்ந்து பறந்து வருவதைக் கையாலேயே பிடிக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் விசிறி விரலைச் சீவிவிடும். அந்த ஏந்துகிற கையும் பிடிக்கிற கையும் என்னுடையவை. என் இடது கை ஆள்காட்டி விரலில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. கேப்டனின் விரல்களில் ஒரு கீறல் கிடையாது.

அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை, "கிளியர் பண்ணுங்க." காலையில் எழுந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் தெருவைப் பார்த்து அதைத்தான் சொல்வாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. படத்தில் மணமக்களைத் தவிர எது வந்தாலும் அவருக்கு அது குப்பை. மனிதர்களாக இருந்தால் நகரும் குப்பை.

விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு ஜோடியை வைத்து எடுக்கும்போது, நடைப்பயிற்சிக்கு வந்தவர்களைக் கைகாட்டி நிறுத்துவார். மஞ்சள் பனியன் போட்டு மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், "சார், மஞ்சள் கண்ணை உறுத்துது. கிளியர் பண்ணுங்க" என்றார்.

பெரியவர் மூக்கிலிருந்து விரலை எடுக்காமலே, "இன்னாது?" என்றார்.

"பிரேம்ல வர்றீங்க சார்."

"நான் இருபது வருசமா இங்க வர்றேன்யா. உன் பிரேமு எப்போ வந்துச்சு?"

கேப்டனுக்குக் கோபம் வராது. அதுவும் ஒரு குறைதான். அவர் திரும்பி என்னிடம், "இந்த ஊர்ல டேஸ்ட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கழனியில் இதே கூத்து. பச்சை வயலின் நடுவே வரப்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து நடக்க வேண்டும். பக்கத்திலேயே பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை மேலேறி வரச் சொன்னார். அதில் ஒருத்தி நிமிர்ந்து, சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்யா, நடவு நடுற கழனியில நடுறவ இருந்தா அசிங்கமா?"

"அசிங்கம் இல்லம்மா. பச்சை தனியா தெரியணும்."

"அடியே, நாமதான் பச்சையைக் கெடுக்குறமாம்டி!" என்று அவள் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னதும் கழனி முழுக்கச் சிரிப்பு. யாரும் ஏறவில்லை. இவர் ட்ரோனைத் தாழ இறக்கி அவர்கள் தலைக்கு மேலேயே நிறுத்தினார். அந்தக் காற்றில் புதிதாக நட்ட நாற்று சாய்ந்தது, முந்தானை பறந்தது. அவர்கள் திட்டிக்கொண்டே வரப்பில் ஏறினார்கள். "பாத்தியா, பேசத் தேவையே இல்ல" என்றார் என்னிடம். அன்றைக்குச் சாப்பிடும்போது நான் அவரோடு உட்காரவில்லை. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சிரிக்க முடியாத சம்பவமும் உண்டு. நகரத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக் கல்யாணம். பெண்ணின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். இங்கே அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். ஒரு கால் சரியாக வராது, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். கோயிலுக்குள் போக மகளைக் கைபிடித்துப் படியேற்றி அழைத்துப் போவது அவர்களுடைய முறை. பாரிசிலிருந்து அதற்காகவே உறவினர்கள் வந்திருந்தார்கள். மேலே ட்ரோன், கீழே படி. கேப்டன் அவரிடம் போய், பக்கத்து வாசல் வழியாக உள்ளே போய்விடச் சொன்னார்.

"முசியே, என் பொண்ண நான் கூட்டிகினு போவக் கூடாதா?" என்று பிரெஞ்சு மரியாதையோடு அந்த மனிதர் மிக மெதுவாகக் கேட்டார்.

"நடை ஸ்லோவா இருக்கு சார். ஷாட் இழுக்குது. பொண்ணு மட்டும் தனியா ஏறுனா கவுனு முழுசா விரியும்."

எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள், சாமியார் உள்ளே காத்திருந்தார். அந்தப் பெண் தனியாகப் படியேறினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், காட்சி மிக அழகாக வந்தது. வெள்ளைப் படிகள், வெள்ளைக் கவுன், சுற்றிலும் யாருமில்லை. ஆனால் ஓரத்தில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு கைத்தடியும் அதைப் பிடித்த கையும் தெரிந்தன. பக்கத்து வாசலுக்குப் போகாமல் அவர் அங்கேயே நின்று மகளைப் பார்த்திருக்கிறார். "அதை வெட்டிடும்மா" என்றார் கேப்டன். நான் வெட்டவில்லை. வெட்டாததை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை, ஏனென்றால் முடிந்த வீடியோ எதையும் அவர் முழுதாகப் பார்த்ததே கிடையாது.

நல்ல குணம் ஒன்றாவது சொல்ல வேண்டுமென்றால், அந்த இயந்திரத்திடம் அவர் அன்பாக இருந்தார். வேலை முடிந்ததும் அதன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைப்பார், விசிறிகளை ஒவ்வொன்றாக மடக்குவார், "தூங்கு கண்ணு" என்று பெட்டியில் வைப்பார். ஒருமுறை மழையில் நானும் அதுவும் நனைந்தபோது அவர் துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவர்களுக்கு மற்றவர்கள் இருப்பது தெரியும்.

இனி அந்தப் படகு விஷயம்.

சேதராப்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். பெண் நகரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், மாப்பிள்ளை சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில். கல்யாணத்துக்கு முன்னால் கடலில் படகில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டார்கள். பெண்ணைத் தனியாக அனுப்ப அவள் அம்மாவுக்கு மனமில்லை. அண்ணனைத் துணைக்கு அனுப்பினார். அவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், அன்றைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். படகைப் பார்த்ததுமே என்னிடம் மெதுவாக, "மேடம், எனக்கு நீச்சல் தெரியாது. ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டார். "லைஃப் ஜாக்கெட் இருக்குண்ணா" என்றேன்.

படகு குருசுக்குப்பத்துக்காரர் ஒருவருடையது, மீன்பிடி ஃபைபர் படகு. அவரே ஓட்டினார். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய், ஊர் வெள்ளையாகத் தெரிகிற தூரத்தில் வடக்கே திருப்பினார். காற்று இருந்தது. "சார், சீக்கிரம் முடிச்சிக்குங்க, தண்ணி இழுவை ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

கேப்டன் தன் வேலையை ஆரம்பித்தார். மேலிருந்து பார்த்தால் படகில் மணமக்கள் இருவர் மட்டுமே தெரிய வேண்டும். முனையில் அவர்களை நிறுத்தினார். படகு ஓட்டுபவருக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் தொப்பியும் கொடுத்து, "நீங்க டெக்கரேஷன்" என்றார். தனக்கும் எனக்கும் ஒரு நீலத் தார்ப்பாய். அதற்கு அடியில் இரண்டு பேரும் குந்திக்கொள்ள, அவர் மடியில் ரிமோட், அதில் மாட்டிய டேப்லெட். கடல் நிறத்தில் தார்ப்பாய், வெயிலுக்குத் திரை தெளிவாகவும் தெரியும். அதை யோசித்ததற்காக அவர் தன்னையே இரண்டு முறை பாராட்டிக்கொண்டார்.

அண்ணனுக்குத் தார்ப்பாயில் இடமில்லை.

"நீங்க பின்னாடி, இன்ஜின் பக்கத்துல உக்காருங்க. அந்த ஜாக்கெட்டக் கழட்டிடுங்க, ஆரஞ்சு கலரு ரொம்பக் கத்துது."

அண்ணன் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழட்ட வேணாம்ண்ணா" என்றேன் நான்.

"அஞ்சு நிமிஷம்மா! யாரு இப்போ சாவப் போறா?" என்றார் கேப்டன்.

படகுக்காரர், "சார், அது இருக்கட்டும் சார்" என்றார். அவருக்கும் ஒரு கையசைப்புதான் பதில். தங்கையின் கல்யாணக் காரியத்தில் தன்னால் தடங்கல் வேண்டாம் என்று நினைத்திருப்பார் போல, அண்ணன் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். படகு ஓட்டுபவருக்கும் பின்னால், வாலோரம்.

நான் ட்ரோனை ஏந்தி நின்றேன். ஏறியது. நான் தார்ப்பாய்க்குள் நுழைந்து, காற்றில் அது பறந்துவிடாமல் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டேன். என் முகம் துணிக்கு நேரே. கேப்டன் திரையைப் பார்த்தபடி கத்திக்கொண்டிருந்தார்.

"பின்னாடி இருக்குறவரு, தலை தெரியுது, குனியுங்க! இன்னும்! ஓரமா போங்க! டிரைவர், லெஃப்ட்ல வெட்டுங்க, வளைஞ்சு போகட்டும்!"

படகு வளைந்தது. ஒரு அலை தூக்கிப் போட்டது. இன்ஜின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முனையிலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அண்ணா?" பிறகு இன்னும் சத்தமாக, "எங்க அண்ணன் எங்க?"

"போஸை மாத்தாதீங்கம்மா!" என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து கேப்டன் கத்தினார்.

படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். வாலோரம் காலி. "ஐயோ, ஆளக் காணோம்!" என்று அவர் அலறியதும் நான் துணியை விட்டேன். அது எழுந்து பறந்து கடலில் விழுந்தது. வெயிலில் தண்ணீர் முழுக்கக் கண்ணாடி உடைத்துப் போட்டதுபோல் மின்னியது. எங்கே பார்த்தாலும் அலை, அலையின் நிழல். ஒரு தலையைத் தேட முடியாது. எப்போது விழுந்தார் என்றுகூட யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகுக்குள் தாவி வந்தாள். "இதுல தெரியுமில்ல? திருப்புங்க, அண்ணனத் தேடுங்க!"

"பேட்டரி கம்மியாகிடுச்சும்மா. மொதல்ல இறக்கணும். ரிட்டர்ன் போட்டுட்டேன்."

அவர் அழுத்தியது, ட்ரோனைத் தானாகத் திரும்பி வரவைக்கும் பொத்தான். அது படகுக்கு வராது. எந்த இடத்தில் என் கையிலிருந்து கிளம்பியதோ அந்த இடத்துக்குத்தான் போகும். அங்கே இப்போது வெறும் கடல். ஓடும் படகிலிருந்து ட்ரோன் ஏற்றுவதில் ஊரிலேயே கெட்டிக்காரரான மனிதருக்கு அந்த நேரத்தில் அது நினைவில்லை. திரையில் நாங்கள் சின்னதாகிக்கொண்டே போனோம்.

அந்தப் பெண் ரிமோட்டைப் பிடுங்கினாள். அவர் விடவில்லை. அவள் குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள் என்று சொன்னால் நம்புவீர்களா? கடித்தாள். ரிமோட் எங்கள் கைக்கு வந்தது. நான் ரிட்டர்னை நிறுத்தி, கேமராவைக் கீழே திருப்பினேன். எந்தக் குச்சியை எப்படித் தள்ள வேண்டும் என்று நான் சொல்ல, அவளே தள்ளினாள். அவள் கையிலிருந்து அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. படகு வளைந்து வந்த வெள்ளைத் தடம் திரையில் இன்னும் அழியாமல் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனோம்.

"அங்க! அங்க!" கறுப்பாக ஒரு புள்ளி. மேலே வந்தது, மறைந்தது, வந்தது.

"அது மேலயே நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். நான் படகுக்காரரிடம் வானத்தைக் காட்டினேன். "அண்ணே, அந்த ட்ரோனுக்கு நேர் கீழ போங்க!"

கேப்டன் எங்கள் பக்கத்தில் நின்று, "ம்மா, பீப் அடிக்குது, இறங்கிடும்மா, தண்ணியில இறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் தண்ணீர். இறங்கத்தான் போகிறது என்பது எங்களுக்கும் தெரிந்தது. அது இறங்கப் பார்க்கப் பார்க்க, அவள் குச்சியை மேலே தள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல் வெளுத்துப்போயிருந்தது.

படகு போய்ச் சேர்ந்ததும் படகுக்காரர் குதித்தார். மாப்பிள்ளையும் நானும் மேலிருந்து இழுத்தோம். இஸ்திரி போட்ட சட்டை தோளோடு கிழிந்துவந்தது. அண்ணன் படகுத் தளத்தில் கவிழ்ந்து கிடந்து தண்ணீரைக் கக்கினார், இருமினார், மறுபடி கக்கினார். தங்கை அவர் முதுகில் தலை சாய்த்து ஓவென்று அழுதாள். பத்தடி தள்ளி ட்ரோன் மெதுவாக வந்து தண்ணீரில் உட்கார்ந்தது, விசிறி கொஞ்சம் நுரையடித்தது, முழுகிப் போனது.

அப்போது கேப்டன் பேசிய முதல் வாக்கியம் இது: "ரிட்டர்னை யாரு கேன்சல் பண்ணது?"

படகுக்காரர் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து அவர் காலடியில் போட்டார்.

ஒரு வாரத்துக்குள் கதை வேறு ஆகிவிட்டது. டீக்கடையில், ஸ்டுடியோக்களில், கல்யாண மண்டப வாசலில் அவர் சொல்லித் திரிந்தார்: "என் பறவையைக் கொடுத்து ஒரு உயிரை வாங்கிட்டேன்." கையில் கட்டுப் போட்டிருந்தார். மீட்புப் பணியில் பட்ட காயமாம். அப்படி இல்லை என்று நான் சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "உனக்கும் பேரு வரணும்னு பாக்குற" என்றார் ஒரு போட்டோகிராபர்.

பிறகு ஒருநாள் அந்த டேப்லெட்டோடு என் அறைக்கு வந்தார். ட்ரோன் கடலோடு போனாலும், திரையில் ஓடியது மங்கலாக அதில் பதிந்திருக்கும். ஊர் வீடியோகிராபர்கள் கூடி அவருக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள், மேடையில் போட ஒரு வீடியோ வேண்டும், நல்ல மியூசிக்காகப் போடு என்றார். அவர் டீ குடிக்கக் கீழே போனார். நான் ஓடவிட்டுப் பார்த்தேன்.

முனையில் மணமக்கள். நீலத் தார்ப்பாய், அதற்குள் நாங்கள். படகு வளைகிறது. வாலோரம் குனிந்திருந்த உருவம் சரிந்து தண்ணீரில் விழுகிறது. சின்னதாக வெள்ளை தெறிக்கிறது. படகு போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு கறுப்புத் தலை பின்தங்குகிறது, ஒரு கை மேலே எழுகிறது. உடனே, பதற்றமே இல்லாமல், கேமரா மெல்ல நிமிர்கிறது. தலையும் கையும் படத்தின் அடி விளிம்பைத் தாண்டி வெளியே போகின்றன. மணமக்கள், அவர்களுக்கு அப்பால் வானமும் கடலும் சேரும் கோடு. சுத்தமான படம். அத்தோடு பதிவு நின்றிருந்தது.

கேமராவை நிமிர்த்துகிற சக்கரம் ரிமோட்டில் அவருடைய விரலுக்கு அடியில் இருந்தது. வேறு யாருடைய விரலும் அப்போது அதில் இல்லை.

அவர் மேலே வந்ததும் அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினேன். "கேப்டன், இத நீங்க பாத்தீங்களா?"

"எத?"

"அவரு விழுந்தத. பாத்துட்டுத்தானே தூக்கியிருக்கீங்க?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். முகத்தில் ஏதாவது மாறும் என்று காத்திருந்தேன்.

"ஏதோ கறுப்பா குறுக்க வந்துது. கை தானா தூக்கிடுச்சு" என்றார். பிறகு, "ஆனா டில்ட்டு என்னமா வந்திருக்கு பாரு! ஒரு ஜெர்க் இல்ல. அத மட்டும் வெட்டிடாத" என்றார்.

வெட்டவில்லை. மியூசிக்கும் போடவில்லை. இருந்தபடியே கொடுத்தேன். அத்தோடு அவரிடம் வேலையை விட்டேன்.

விழாவுக்குப் போனேன். காமராஜர் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தின் மாடி. ஊரில் கேமரா தூக்குகிற அத்தனை பேரும் இருந்தார்கள். கல்யாணம் முடிந்திருந்த அந்தப் பெண்ணும் அண்ணனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உயிர் பிழைத்தவர் கையாலேயே பொன்னாடை போர்த்த வேண்டும் என்று வற்புறுத்தி அழைத்திருந்தார்களாம். அண்ணனின் அம்மாவும் போகச் சொல்லியிருக்கிறார், ஆயிரம் இருந்தாலும் அவருடைய ட்ரோனால்தானே உயிர் கிடைத்தது என்று.

பெரிய திரையில் வீடியோ ஓடியது. உருவம் விழுந்தது. மண்டபம் "ஐயோ" என்றது. கேமரா நிமிர்ந்தது. இப்போது புரியும், இப்போது யாராவது எழுந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "இன்னா ஸ்மூத்துடா!" என்றார். யாரோ கைதட்டினார், அது பரவி மண்டபம் முழுக்கக் கைதட்டியது. கேப்டன் மேடையில் எழுந்து நின்று நாலா பக்கமும் கும்பிட்டார்.

அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தட்டில் பொன்னாடையை நீட்டினார்கள். அவர் அதை எடுத்து விரித்தார். கேப்டன் வசதியாகத் தலையைக் குனிந்தார். போட்டோகிராபர்கள் முன்னால் நெருக்கியடித்தார்கள். அண்ணன் போர்த்தவில்லை. திரும்பி, திரையில் நின்றிருந்த கடைசிப் படத்தைப் பார்த்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் மெதுவாகக் கேட்டதும் எல்லோருக்கும் கேட்டது.

"சார், இது நான் தண்ணியில கெடந்தப்போ எடுத்ததா?"

"ஆமா, லைவ்!" என்றார் கேப்டன், நிமிராமலே.

"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"கீழ இருக்கீங்க." கேப்டன் சிரித்துக்கொண்டே விளக்கினார். "பிரேமுக்குக் கீழ. தெரியாது."

அண்ணன் தலையாட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது. பொன்னாடையை மடித்தார், அவசரமில்லாமல் நான்காக மடித்து, தட்டில் வைத்தார். படியிறங்கி வந்து தங்கையின் தோளைத் தொட்டார். அவள் எழுந்தாள். இருவரும் நடுவழியே நடந்து வெளியே போனார்கள். மேடையில் அந்தத் தலை இன்னும் குனிந்தபடியே இருந்தது.

நானும் அவர்கள் பின்னால் இறங்கினேன். கீழே தெருவில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கை தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. வெறுமனே கையில் பிடித்திருந்தார்.

"வீட்டுக்குப் போலாம்ண்ணா" என்றாள் அவள்.

மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. வேறு யாரோ போர்த்திவிட்டார்கள்.